ஓசிக்கு வச்ச தண்ணி

எங்க வீட்டுல தண்ணிக்கு நான்தான் போலீஸ், நான்தான் ஜட்ஜு, நான்தான் ஜெயிலரும். தெரு முழுக்க என்னை ராட்சசின்னு சொன்னாங்க. சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டேன். என் வீட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போயி ரெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு. ஒண்ணுவிட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் மெஷின்ல போடணும். நாலு மணி நேரம் ரத்தத்தை வெளிய எடுத்து, கழுவி, உடம்புல தேங்கின தண்ணியையும் உறிஞ்சிட்டுத் திருப்பி ஏத்துவாங்க. ஒண்ணுக்குங்கறதே அவருக்கு வராது. குடிச்ச தண்ணி எங்கயும் போகாது. முதல்ல கால்ல நிக்கும், அப்புறம் முகத்துல நிக்கும், அப்புறம் நெஞ்சுல ஏறும். நெஞ்சுல ஏறிச்சுன்னா கட்டில்ல உக்காந்துக்கிட்டே ஆள் முங்கிப் போயிடுவார்.

அதனால ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி. டீ, மாத்திரை முழுங்கற தண்ணி எல்லாம் சேத்துத்தான். காலையில இருநூறு, மத்தியானம் இருநூறு, சாயங்காலம் ஆறு மணிக்கு இருநூறு, மிச்சம் நூறு படுக்கறப்ப. ஒரு சொட்டு கூடாது.

நான் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கடையில துணி வெட்டறவ. பதினெட்டு வருஷமா அதே மேஜை. அம்பது துணியை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி ஒரே வீச்சுல வெட்டணும். அரை இஞ்ச் தப்பினா அம்பது பிள்ளைங்களுக்கு அக்குள்ல கிழியும். அளவுல என்னை எவனும் ஏமாத்த முடியாதுங்கற திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிர்தான் என்னைக் கவுத்துச்சு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அவர் இருபத்திநாலு வருஷம் பஸ் ஓட்டினவர். தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும், ஒண்ணுக்கு வந்தா வண்டியை நிறுத்த இடம் இருக்காதுன்னு, தாகத்தையும் அடக்கி அதையும் அடக்கித்தான் ஓட்டினார். கூடவே சர்க்கரை, பிரஷர். மாத்திரையெல்லாம் ஒழுங்கா போட்டாரான்னு என்கிட்ட கேக்காதீங்க, எனக்கு இப்பவும் கோபம் வரும்.

அந்த பஸ்ஸுலதான் ஓசியும் வந்துச்சு. கடைசி ஸ்டாப்புல எல்லாரும் இறங்கின பிறகு பின்சீட்டுக்கு அடியில ஒரு அட்டைப்பெட்டி கிடந்திருக்கு. உள்ள உள்ளங்கை அளவு ஒரு ஆமை. ஒரு வாரம் டெப்போவுல வச்சுப் பாத்தாங்க, யாரும் தேடி வரலை. டிக்கெட் எடுக்காம வந்ததால ஓசின்னு பேர் வச்சு வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டார்.

"ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சும்மாவா சொன்னாங்க? முதல்ல அதை வெளிய கொண்டு போங்க"ன்னு நான் குதிச்சேன்.

"ஆமையும் அமீனாவும்னுதானே பழமொழி? அமீனா வந்து அள்ளிட்டுப் போக நம்மகிட்ட என்ன இருக்கு? ஆமையாவது வந்துட்டுப் போகட்டும்"னார். பிள்ளை குட்டி இல்லாத வீடு. இருந்துட்டுப் போகட்டும்னு நானும் விட்டுட்டேன்.

முதல் வருஷம் எங்களுக்கு ஒரு எழவும் தெரியலை. காஞ்ச துண்டு ஒண்ணை விரிச்சு, தட்டுல கீரையைப் போட்டு வச்சிருந்தோம். ஓடு மேடு மேடா, முட்டை அடுக்கற அட்டை மாதிரி எழும்ப ஆரம்பிச்சுது. பயந்துபோய் விலங்கு டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போனோம். சின்ன வயசு டாக்டரம்மா, வாய் என்னைவிட நீளம்.

"ஈரக் காத்துல வளர்ற நில ஆமை இது. இதைப் போய் அப்பளம் காய வைக்கிற மாதிரி வச்சிருக்கீங்களே!"ன்னு ஒரு பிடி பிடிச்சாங்க. அப்புறம் பொறுமையாத்தான் சொன்னாங்க. மூடி பாதி மூடின பெரிய பிளாஸ்டிக் பெட்டி, அடியில தேங்காய் நார்த்தூள், ஒரு மூலை எப்பவும் ஈரமா இருக்கணும். ரெண்டு வேளை தண்ணி தெளிக்கணும். உள்ளே ஈரப்பதம் காட்டற மீட்டர் ஒண்ணு ஒட்டி வச்சு, எழுபதுக்குக் கீழ இறங்காம பாத்துக்கணும். இது தவிர தினமும் இருபது நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணியில ஊற வைக்கணும். கீழோடும் மேலோடும் சேர்ற இடம் வரைக்கும்தான் தண்ணி, தலை எப்பவும் வெளிய இருக்கணும்.

"காத்துல இருக்கற ஈரம் ஓட்டுக்கு. ஊற வைக்கிறது உள்ளுக்கு. தண்ணியில உக்காந்தாத்தான் இது வயிறு நிறைய குடிக்கும். குடிச்சாத்தான் உள்ள சேர்ற உப்பை வெளிய தள்ளும். இல்லைன்னா சுண்ணாம்பு மாதிரி கெட்டியாகி உள்ளேயே கல்லாயிடும்"னு சொன்னாங்க.

அவர் அதை வேதவாக்கா எடுத்துக்கிட்டார். மத்தியான டூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி பேசின்ல தண்ணி ஊத்தி, முழங்கையை வச்சுச் சூடு பாத்து, ஓசியை உள்ள இறக்குவார். அது தலையை நீட்டித் தண்ணிக்குள்ள மூக்கை வச்சு, தொண்டை ஏறி இறங்க ஏறி இறங்கக் குடிக்கும். "பாருடி, பீப்பாயாட்டம் குடிக்குது"ன்னு சிரிப்பார். மூணு வருஷத்துல ஓசி சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஆச்சு. புதுசா வளர்ந்த ஓடு வழுவழுன்னு இருந்துச்சு.

அப்புறம் இவர் கிட்னி போச்சு.

மெஷின் வாழ்க்கை ஆரம்பிச்ச நாலாவது மாசம், நான் கடைக்குப் போயிருந்த நேரத்துல மனுஷன் ஒரு குடம் தண்ணியைக் குடிச்சு வச்சுட்டார். நான் வந்து பாக்கறப்ப உதடு நீலம், வாயில நுரை. ஒன்பது நாள் ஐசியூவுல கிடந்தார். "இன்னொரு தடவை இப்படிக் கூட்டிட்டு வந்தா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு டாக்டர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டார்.

அன்னைக்குத்தான் நான் ராட்சசி ஆனேன். குழாய்க்காரரைக் கூப்பிட்டு, மேல்தொட்டியில இருந்து வர்ற பைப்புக்குப் பூட்டு வச்ச வால்வு போட்டேன். சாவி என் கழுத்துல. ஃப்ரிட்ஜைப் பூட்டினேன். கக்கூஸுக்கு ஒரு வாளி தண்ணி, அதுல ஒரு மூடி பினாயில். ஆமாங்க, பினாயில்தான். குடிச்சிடக் கூடாதுன்னுதான் ஊத்தினேன். கட்டின புருஷனுக்கு ஒருத்தி இதைச் செய்வாளான்னு கேட்டீங்கன்னா, செஞ்சேன். எதிர்வீட்டம்மாகிட்டயும் சொல்லி வச்சேன், அவர் கேட்டா ஒரு மடக்கு கூடக் குடுக்காதீங்கன்னு.

அவர் அதையும் சிரிச்சுக்கிட்டேதான் தாங்கினார். "ஊருல தண்ணி போடறவனைப் பொண்டாட்டி பூட்டி வைப்பா. என்னைப் பச்சைத்தண்ணிக்கே பூட்டி வச்சிருக்கா"ன்னு மெஷின் ரூம் சிஸ்டர்கிட்ட சொல்லுவார். அந்தம்மா விழுந்து விழுந்து சிரிக்கும்.

ஓசிதான் இதுல இடிச்சுது. நான் எட்டு மணிக்குக் கிளம்பணும். அந்நேரத்துக்கு அது குளிர்ல உடம்பை உள்ள இழுத்துக்கிட்டுக் கல்லாட்டம் கிடக்கும், தண்ணியில வச்சாலும் தலையை நீட்டாது. பதினோரு மணிக்கு பால்கனியில வெயில் வந்தாத்தான் ஐயா எழுந்திருப்பார். அதனால ஒன்றரை லிட்டர் தண்ணியைப் பதமா சூடு பண்ணி, அளந்து, பெரிய பிளாஸ்க்ல ஊத்தி, பேசினையும் பக்கத்துல வச்சுட்டுப் போவேன். "பதினோரு மணிக்கு ஊற வச்சுட்டு, அழுக்குத் தண்ணியைக் கொட்டிட்டு, பேசினைக் கழுவி… கழுவ வேணாம், துடைச்சுக் கவுத்து வைங்க"ன்னு சொல்லுவேன். நாள் முழுக்க சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கற மனுஷனுக்கு ஒரு வேலையும் ஆச்சு, கையால தண்ணியைத் தொட்டுப் பாத்த மாதிரியும் ஆச்சுன்னு நினைச்சேன். நல்லது பண்றதா நினைச்சேன்.

அது நடந்து ஒன்றரை வருஷம் எல்லாம் சரியாத்தான் போச்சு. ரெண்டு மெஷினுக்கு நடுவுல ரெண்டு கிலோ ஏறுவார், அதுக்கு மேல போகமாட்டார். "அக்கா, உங்களை மாதிரி எல்லாரும் இருந்தா எங்களுக்கு வேலையே இல்லை"ன்னு சிஸ்டர் சொல்லும்போது எனக்குத் தலை கால் புரியாது.

திடீர்னு ஒரு நாள் மூணரை கிலோ. அடுத்த தடவை நாலு. அப்புறம் நாலே கால். மூணு மாசம் இப்படியே இழுத்துச்சு. நாலு கிலோ தண்ணியை நாலு மணி நேரத்துல உறிஞ்சினா உடம்பு தாங்குமா? கால்ல நரம்பு சுண்டி இழுத்து, பல்லைக் கடிச்சுக்கிட்டு அழுவார். பிரஷர் விழும். சிஸ்டர் என்னை வெளிய கூப்பிட்டு, "என்னக்கா நடக்குது வீட்டுல? இதயம் வீங்கிட்டே வருது, ஸ்கேன்ல தெரியுது"ன்னு கேட்டுச்சு.

என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சாத்தானே! உப்பை நிறுத்தினேன். பழத்தை நிறுத்தினேன். குளிக்க விடாம ஈரத்துண்டால நானே உடம்பு துடைச்சு விட்டேன், அந்தத் துண்டை வாயில வச்சுச் சப்பறாரோன்னு கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாத்தேன். கட்டிலுக்கு அடியில, அலமாரிக்குப் பின்னால, செருப்புப் பெட்டியில எல்லாம் தேடினேன். "பாட்டில் எங்க? சொல்லுங்க, எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"ன்னு கத்தினா, "எங்கயும் இல்லைடி, சத்தியமா பாட்டில் இல்லை"ன்னு தலையில கை வச்சார். பாட்டில் இல்லைங்கறது உண்மைதான்.

கடைசியில எதிர்வீட்டம்மா மேல பாஞ்சேன். மாடிப்படியில நிறுத்தி, நாலு வீடு கேக்கற மாதிரி, "நீ புண்ணியம்னு நினைச்சுக்கிட்டு என் தாலிக்கு உலை வைக்கிறே. என்னடி குடுத்தே அவருக்கு? ஜூஸா? மோரா?"ன்னு கேட்டேன். என்னைவிட பத்து வயசு மூத்தவங்க. டீன்னு கூப்பிட்டேன். அவங்க கையில இருந்த காய்கறிப் பையைக் கீழ வச்சுட்டு அப்படியே அழுதாங்க. நான் கதவைப் படார்னு சாத்திட்டு உள்ள வந்தேன். இவர் கட்டில்ல சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தார்.

அந்த வாரத்துலதான் ஓசி கீரையைத் தொடலை. நான் ரெண்டு வேளையும் தண்ணி தெளிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன், பெட்டிக்குள்ள மீட்டர் எழுபத்தஞ்சு காட்டுது. அவர் அடிக்கடி அந்த ஈர நார்த்தூளுக்குள்ள கையை விட்டுக்கிட்டு உக்காந்திருப்பார், அதையும் பாசம்னுதான் நினைச்சேன். ஆனா ஓசியோட கண்ணு ரெண்டும் உள்ள போயிருந்துச்சு. பின்காலைத் தரையில இழுத்து இழுத்து நடந்துச்சு. வால் பக்கம் ஈரமில்லாத சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா, கையில தேச்சா மணல் மாதிரி நறநறன்னு ஒட்டியிருந்துச்சு.

லீவு போட்டுட்டு டாக்டரம்மாகிட்ட ஓடினேன். தராசுல வச்சாங்க. போன வருஷத்தைவிட இருநூறு கிராம் குறைஞ்சிருந்துச்சு. கழுத்துத் தோலை லேசா கிள்ளி விட்டாங்க. கிள்ளின தோல் அப்படியே நின்னுது. எக்ஸ்ரே எடுத்தாங்க. வயித்துக்குள்ள புளியங்கொட்டை அளவு ஒரு கல் வெள்ளையா தெரிஞ்சுது.

"எத்தனை மாசமா ஊற வைக்கலை?"ன்னு கேட்டாங்க.

"தினமும் வைக்கிறோம், டாக்டர்."

"பொய் சொல்லாதீங்க. நான் உங்களைப் பிடிச்சு ஜெயில்ல போடப் போறதில்லை. காத்துல ஈரம் இருந்திருக்கு, ஓடு நல்லா இருக்கு. ஆனா குடிக்கத் தண்ணி கிடைக்கலை. இந்த ஜீவன் தாகத்துல காஞ்சிருக்கு."

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். மேஜையைத் தட்டினேன். "யாரைப் பாத்துப் பொய்யிங்கறீங்க? நான் அளவுக்காரி! தினமும் ஒன்றரை லிட்டர், என் கையால அளந்து, சூடு பாத்து, பிளாஸ்க்ல ஊத்தி, அவர் பக்கத்துல வச்சுட்டு…"

அதோட என் வாய் நின்னுபோச்சு.

வீட்டுல நான் பூட்டாத தண்ணி அது ஒண்ணுதான். பைப்பைப் பூட்டி, ஃப்ரிட்ஜைப் பூட்டி, கக்கூஸ் வாளியில பினாயிலை ஊத்திட்டு, குடிக்கிற பதத்துல ஒன்றரை லிட்டரை மூடி போட்டு அவர் கைக்கு எட்டற இடத்துல நானே வச்சுட்டுப் போயிருக்கேன். அந்த நாலு கிலோ, அந்த நரம்பு இழுப்பு, அந்த இதய வீக்கம் எல்லாம் என் பிளாஸ்க்ல இருந்து போனது. டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டாங்க. நான் உக்காந்தேன். பத்து நாள் ஓசியை இங்கயே விட்டுட்டுப் போங்க, ட்ரிப் ஏத்தி ஊற வச்சுப் பாக்கறேன், கல் தானா வெளிய வராட்டி அறுக்கணும்னாங்க. தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் அவர் என் கையைத்தான் பாத்தார்.

"ஓசி எங்க?"

"தாகம் எடுத்து ஆஸ்பத்திரியில கிடக்கு"ன்னேன்.

அவர் மூஞ்சி செத்துப்போச்சு. "முதல்ல மூடியில ஒரே ஒரு வாய்தான்டி"ன்னார். "வெதுவெதுன்னு இருந்துச்சு. ஒரு வாய்தானே, அதுக்கு என்ன குறைஞ்சிடப் போகுதுன்னு பாத்தேன். அப்புறம் கால்வாசி. அப்புறம் பாதி. இப்ப ஒரு மாசமா அதை வெறும் பேசின்ல வச்சு ரெண்டு கை தெளிச்சு விடறேன். அது தலையைத் தூக்கி என்னையே பாத்துக்கிட்டிருக்கும்."

"யோவ், நீயெல்லாம் மனுஷனா?"ன்னேன். கட்டின நாள்ல இருந்து அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. "வாயில்லா ஜீவனோட தண்ணியைப் பிடுங்கிக் குடிச்சியா? எதிர்வீட்டம்மாவை நான் நடுப்படியில நிறுத்திக் கேவலப்படுத்தறப்ப உள்ளதானே இருந்தே? ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னா பிளாஸ்கையும் நிறுத்திடுவே."

நிறுத்தத்தான் செய்வேன்.

"தாகம்னா உனக்கு என்னன்னு தெரியாதுடி. பசி மாதிரி இல்லை அது. நாக்கு வாய்க்குள்ள ஒரு செருப்பைத் திணிச்ச மாதிரி கிடக்கும். தெருவுல யாரோ வாளியைக் கழுவினாக்கூட எனக்கு இங்க கேக்கும். வேற எதையும் என்னால நினைக்க முடியலை. உன்னையும் நினைக்கலை, ஓசியையும் நினைக்கலை"ன்னார். அழுதார். "பயப்படாதே, கண்ணீர் போற அளவுக்கு எடை குறையும்"னு அதுலயும் ஒரு நக்கல். எனக்குச் சிரிப்பு வரலை. அவர் தலையை என் வயித்தோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு நானும் அழுதேன்.

மறுநாள் எதிர்வீட்டு வாசல்ல போய் நின்னேன். கதவுக்கு அந்தப் பக்கம் நடமாட்டம் கேட்டுச்சு. ஆனா திறக்கலை. திறக்காததும் நியாயம்தான்.

பிளாஸ்கைத் தூக்கிக் கடையில கொண்டுபோய் வச்சுட்டேன். பத்து நாள் கழிச்சு ஓசி வந்துச்சு. கல்லு அறுக்காமலே வெளிய வந்துடுச்சாம், ஆனா ஒரு மாசம் ரெண்டு வேளை ஊற வச்சே ஆகணும்னு கண்டிஷன். கடையில கெஞ்சி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தை ஒரு மணி நேரம் ஆக்கிக்கிட்டேன். ஓடி வந்து, வால்வைத் திறந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு ஊற வைப்பேன். கட்டில்ல இருந்து, "சத்தம் வராம ஊத்துடி"ன்னு குரல் வரும். குழாய்ல துணியைச் சுத்தி ஊத்துவேன்.

எடை சரியாச்சு. ஒண்ணே முக்கால் கிலோ. மூணு தடவையும் அதேதான். சிஸ்டர் கையைப் பிடிச்சுக் குலுக்குச்சு. நாலாவது தடவை மெஷின் போட்டு முக்கால் மணி நேரத்துல அவருக்குக் கண்ணு சொருகிடுச்சு. பிரஷர் இல்லை. மெஷினை நிறுத்திட்டாங்க. ஊசி போட்டு எழுப்பி மறுபடி ஆரம்பிச்சா, மறுபடி அதே கதை.

டாக்டர் என்னை மட்டும் ரூமுக்குக் கூப்பிட்டார். நல்ல மனுஷன், சுத்தி வளைக்கலை. "இதயம் தொளதொளன்னு ஆயிடுச்சும்மா. அந்த மூணு மாசம் தண்ணி தேங்கினது ரொம்பக் கெடுத்துடுச்சு. இனிமே அவர் உடம்பு மெஷினைத் தாங்காது. போட்டா மெஷின்லயே போயிடுவார். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. மூச்சுத் திணறாம இருக்க மருந்து தர்றேன். ஒரு நாலஞ்சு நாள் இருப்பார்"னார்.

எனக்கு வேற எதுவும் கேக்கத் தோணலை. "தண்ணி?"ன்னேன்.

"ஆசைப்பட்டா குடுங்க. இனிமே என்ன?"

வண்டியில வர்றப்ப அவர்கிட்ட, "மூணு நாலு நாள் உடம்புக்கு ரெஸ்ட் குடுத்துட்டு மறுபடி போடலாம்னு சொன்னார்"னேன். "அதானே பாத்தேன், பிரஷர் மாத்திரையை மாத்துவானுங்க"ன்னு அவர் நம்பினார். ஓசிக்கு இன்னும் பெரிய பெட்டி வாங்கணும், இதுல திரும்பவே இடமில்லைன்னு வழி முழுக்கப் பேசிக்கிட்டே வந்தார்.

வீட்டுக்கு வந்து அவரைப் படுக்க வச்சுட்டு வால்வைத் திறந்தேன். பெரிய தம்ளர் நிறைய, தளும்பத் தளும்பத் தண்ணி பிடிச்சேன். ரெண்டு வருஷமா அந்த வீட்டுல நிறைஞ்ச தம்ளரை யாரும் பாத்ததில்லை. ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டுப் போய் அவர் முன்னால நீட்டினேன்.

அவர் தண்ணியைப் பாத்தார். வாங்கலை. என்னை நிமிர்ந்து பாத்தார். அந்தப் பார்வையை நான் சாகற வரைக்கும் மறக்கமாட்டேன். மனுஷனுக்குக் கை பின்னால போகுது, கட்டிலோட ஒட்டிக்கிட்டார்.

"என்னடி இது? ஏன் நிறைய இருக்கு?"

எனக்குப் புரிஞ்சுபோச்சு. தண்ணி இல்லை, நான் நீட்டினது அவரோட சாவுச் சீட்டு. டாக்டர் என்ன சொன்னார்னு அந்தத் தம்ளர் சொல்லிக்கிட்டிருந்துச்சு.

"அட, ஆஸ்பத்திரி அலைச்சல்ல புத்தி எங்கயோ போச்சு, நிறைய பிடிச்சுட்டேன்"னு சொல்லி, அவர் கண்ணு முன்னாலயே முக்கால்வாசியை ஓசியோட பேசின்ல கொட்டினேன். அடியில ஒரு விரல்கட்டை தண்ணியை நிறுத்தி, "இந்தாங்க. இதுக்கு மேல ஒரு சொட்டு கேட்டீங்க, பல்லைத் தட்டிடுவேன்"னேன்.

அவர் மூஞ்சியில ரத்தம் திரும்பி வந்துச்சு. "கஞ்சப்பிசினாறி! கொஞ்ச நேரம் பயமுறுத்திட்டியேடி"ன்னு சிரிச்சார். அந்த ஒரு விரல்கட்டையை மூணு தடவையா பிரிச்சுக் குடிச்சார்.

அந்த நாலு நாளும் அப்படித்தான் போச்சு. அவர் கேப்பார், நான் திட்டுவேன். அவர் கெஞ்சுவார், நான் சாவியைக் கழுத்துல தட்டிக் காட்டுவேன். குடுத்துடலாம்னு எத்தனையோ தடவை தம்ளர் வரைக்கும் கை போச்சு. ஆனா குடுத்தா தெரிஞ்சிடும். நான் சண்டை போடற வரைக்கும் தான் பொழைச்சுக்கிடுவோம்னு அந்த மனுஷன் நம்பறார், அது மட்டும் எனக்குத் தெளிவாத் தெரிஞ்சுது. தாகத்தோட வச்சிருக்கறதா, பயத்தோட வச்சிருக்கறதா? இன்னொருத்தி என்ன செஞ்சிருப்பாளோ, எனக்குத் தெரியலை.

மூணாவது நாள், "கதவைச் சாத்தாதே, ஓசியை இங்க வச்சு ஊற வை. நான் பாக்கணும்"னார். கட்டில் பக்கத்துல ஸ்டூல் போட்டு பேசினை வச்சேன். ஓசி தலையை நீட்டி மூக்கைத் தண்ணிக்குள்ள விட்டுக் குடிக்க ஆரம்பிச்சுது. அதோட தொண்டை ஏறி இறங்கறப்பல்லாம் இவர் தொண்டையும் ஏறி இறங்குச்சு. இருபது நிமிஷமும் கண்ணை எடுக்கலை. "நல்லாக் குடி, ஓசி. நான் தொடலை பாரு"ன்னார். நான் அடுப்படிக்குப் போய் வாயில துணியை வச்சுக்கிட்டு அழுதேன்.

நாலாவது நாள் மூச்சு மேல வாங்க ஆரம்பிச்சுது. தலையணையை உசத்தி வச்சு மருந்தைக் குடுத்தேன். சாயங்காலம் நாலரை மணி இருக்கும். கண்ணைத் திறந்து, ரொம்ப மெதுவா, "ஒரு வாய் தண்ணி குடுடி"ன்னார்.

"ஆறு மணிக்குத்தான்"னேன்.

"சரி"ன்னார். சொன்ன பேச்சைக் கேட்டுக்கிட்டு, சுவத்துல இருந்த கடிகாரத்தைப் பாத்தபடி படுத்திருந்தார். அஞ்சேகாலுக்குப் போயிட்டார்.